மாநிலம், மாகாணம், மாவட்டம்: எந்தக் குறியீட்டை நம்பிப் பதிவது?

பல நாடுகளின் முகவரிகளையோ புள்ளிவிவரங்களையோ ஒரே தரவுத்தளத்தில் சேர்க்க வேண்டியவர்கள், நாட்டின் பெயரை எப்படிப் பதிவது என்று அதிகம் யோசிப்பதில்லை. 1974இல் முதன்முதலாக வெளியான, சர்வதேசத் தரநிலை அமைப்பின் ஐஎஸ்ஓ 3166 தரநிலையின் ஈரெழுத்துக் குறியீடுகள் அந்த வேலையை ஏறத்தாழ முடித்துவிட்டன. சிக்கல் ஒரு படி கீழே தொடங்குகிறது. நாட்டுக்குள் இருக்கும் மாநிலம், மாகாணம், மாவட்டம், கோட்டம் ஆகியவற்றைப் பதிவதற்கு ஐந்தாறு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனமோ ஒரு சமூகமோ பொறுப்பாக இருக்கிறது. ஒவ்வொன்றும் தன்னளவில் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றின் குறியீட்டை மற்றொன்றின் அட்டவணையில் தேடினால் தவறான ஊருக்குப் போய்ச் சேருவோம்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். (இந்தக் குறியீடுகள் எல்லாம் ரோமன் எழுத்தில் அமைந்தவை, இங்கே அவற்றை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன்.) ஐஎஸ்ஓ தரநிலையில் உட்பிரிவுகளுக்கான பகுதியாகிய 3166-2 இல் அது டிஇ-பிஒய். ஐரோப்பிய ஒன்றியத்தின் நட்ஸ் வகைப்பாட்டில் டிஇ2. அமெரிக்க அரசின் பழைய ஃபிப்ஸ் 10-4 பட்டியலில் ஜிஎம்02. ஹாஸ்க் முறையில் டிஇ.பிஒய். ஜெர்மனியின் சொந்த நிர்வாக எண்ணில் 09. ஜியோநேம்ஸ் தளத்தில் 2951839. விக்கித்தரவில் க்யூ980. ஒரே நிலப்பரப்புக்கு ஏழு அடையாளங்கள். இவற்றில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதைப் பெரும்பாலோர் எது பிரபலமானது, எது இலவசமாகக் கிடைக்கிறது, எது எளிதில் படிக்கத்தக்கது என்ற மூன்று கேள்விகளால் முடிவு செய்கிறார்கள். மூன்றும் நியாயமான கேள்விகள்தாம். ஆயினும் பதிவு செய்த ஐந்தாம் ஆண்டில் நம்மைத் தடுக்கி விழவைக்கும் கேள்வி வேறு: அந்தப் பகுதி மாறும்போது இந்தக் குறியீடு என்ன செய்யும்?

நாடுகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவற்றின் உட்பிரிவுகள் அப்படி இருப்பதில்லை. பெயர் மாறுகிறது, இரண்டு ஒன்றாகிறது, ஒன்று மூன்றாகிறது, சில வேளை இணைந்தவை மறுபடியும் பிரிகின்றன. ஆகவே முறைகளை ஒப்பிடுவதற்கு முன், மாற்றம் என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ஒரு வீட்டை வைத்துப் பார்ப்பது நல்லது.

ஒரு வீடும் மூன்று குறியீடுகளும்

நார்வேயில் ரொய்கென் என்ற சிறு நகராட்சி இருந்தது. அங்கே உள்ள ஒரு வீட்டின் முகவரி 2019இல் பஸ்கெருட் மாவட்டத்துக்கு உட்பட்டது. மாவட்ட எண் 06. 2020 ஜனவரி 1 அன்று நார்வே தன் மாவட்டங்களை 11 ஆகச் சுருக்கியது. பஸ்கெருட், அகெர்ஷுஸ், எஸ்ட்ஃபோல் மூன்றும் விகென் என்ற புதிய மாவட்டமாயின, எண் 30. அதே நாளில் ரொய்கென் பக்கத்திலிருந்த அஸ்கெர் நகராட்சியோடு இணைந்தது. விகென் நான்கே ஆண்டுகள் நீடித்தது. 2024 ஜனவரி 1 அன்று அது மறுபடியும் மூன்றாகப் பிரிந்து, நாட்டின் மாவட்ட எண்ணிக்கை 15 ஆனது. பழைய பெயர்கள் திரும்பி வந்தன. ஆனால் பழைய எண்கள் திரும்பி வரவில்லை. புதிய பஸ்கெருட்டுக்கு 33, புதிய அகெர்ஷுஸுக்கு 32. நம் வீடு இருக்கும் பகுதியோ அஸ்கெரோடு சேர்ந்துவிட்டதால் அகெர்ஷுஸுக்குள் போய்விட்டது. ஓர் அங்குலமும் நகராத வீடு ஐந்தாண்டுக்குள் 06, 30, 32 என மூன்று எண்களைக் கண்டுவிட்டது.

பழைய 06 என்பதைப் புதிய 33 என்று மாற்றினால் போதும், இரண்டும் பஸ்கெருட்தானே என்று நினைக்கத் தோன்றும். அப்படிச் செய்தால் இந்த வீடு தவறான மாவட்டத்தில் விழும். மறுபுறம், வெஸ்ட்ஃபோல் மாவட்டத்தில் 07 என்ற எண்ணின் கீழ் இருந்த ஸ்வெல்விக் என்ற நகராட்சி டிராமெனோடு இணைந்து, இன்று 33க்குள் இருக்கிறது. பெயர் ஒன்றானாலும் எல்லை ஒன்றல்ல. நார்வே பழைய எண்களை மீட்டெடுக்காமல் புதிய எண்களைக் கொடுத்தது. இது மிகச் சரியான முடிவு. எல்லாப் பட்டியல்களும் இவ்வளவு கவனத்தோடு நடந்துகொள்வதில்லை.

ஐஎஸ்ஓ 3166-2

இந்தத் துறையில் சர்வதேசத் தரநிலை என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். 1998இல் முதல் பதிப்பு வெளியானது. அதன்பின் 2007, 2013, 2020 ஆகிய ஆண்டுகளில் மறுபதிப்புகள் வந்தன. பதிப்புகளுக்கு இடையிலும் திருத்தங்கள் வந்துகொண்டே இருக்கும். அமைப்பு எளிது: நாட்டின் ஈரெழுத்துக் குறியீடு, ஒரு சிறு கோடு, அதன்பின் ஒன்று முதல் மூன்று வரையிலான எழுத்துகளோ இலக்கங்களோ. கலிபோர்னியா யுஎஸ்-சிஏ, டோக்கியோ ஜேபி-13, ஸ்காட்லாந்து ஜிபி-எஸ்சிடி. ஏறத்தாழ எல்லா நாடுகளையும் தழுவி ஐயாயிரம் அளவுக்குக் குறியீடுகள் இருக்கின்றன. குறியீட்டைப் பார்த்தவுடனேயே எந்த நாடு என்று தெரிந்துவிடுவது இதன் பெரிய வசதி.

கோட்டுக்குப் பின்னால் வரும் பகுதியைப் பெரும்பாலும் அந்தந்த நாட்டின் வழக்கத்திலிருந்தே ஐஎஸ்ஓ எடுத்துக்கொள்கிறது. இதுவே அதன் பலமும் பலவீனமும். பெயரின் சுருக்கமாக அமைந்த குறியீடு, பெயர் மாறும்போது பொருந்தாமல் போகிறது. இந்தியாவில் ஒரிசா என்பது 2011இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒடிசா ஆயிற்று. ஆனால் ஐஎஸ்ஓ பட்டியலில் ஐஎன்-ஓஆர் என்பது ஐஎன்-ஓடி ஆனது 2023இல்தான். இடைப்பட்ட 12 ஆண்டுகள் நாட்டுக்குள் ஒரு சுருக்கமும் சர்வதேசப் பட்டியலில் வேறொரு சுருக்கமும் வழங்கின. மெக்சிகோவின் தலைநகரப் பகுதி 2016இல் சட்டப்படி மெக்சிகோ நகரம் என்ற பெயரைப் பெற்றதும், எம்எக்ஸ்-டிஐஎஃப் என்ற குறியீடு எம்எக்ஸ்-சிஎம்எக்ஸ் ஆயிற்று. நிலம் அதேதான், எல்லையும் அதேதான். குறியீட்டை நம்பியிருந்த அட்டவணைகள் மட்டும் உடைந்தன.

சில நாடுகள் இந்தத் தொல்லையிலிருந்து தப்புவதற்காக எழுத்துகளைக் கைவிட்டு எண்களுக்குப் போயிருக்கின்றன. செக் குடியரசின் பிராக் நகரம் 2016இல் சிஇசட்-பிஆர் என்பதிலிருந்து சிஇசட்-10 ஆனது. போலந்து 2018இலும் கஜகஸ்தான் 2022இலும் அதே வழியில் சென்றன. நீண்ட காலத்துக்கு இது நன்மைதான். ஆனால் மாறும் அந்த ஒரு தருணத்தில், ஒரு நாட்டின் எல்லாக் குறியீடுகளும் ஒரே நாளில் காலாவதியாகின்றன என்பதைத் திட்டமிடாதவர்கள் அனுபவித்தே தெரிந்துகொள்கிறார்கள். பிரான்சில் நடந்தது இன்னும் நுட்பமானது: பாரிஸின் எஃப்ஆர்-75 என்பது எஃப்ஆர்-75சி ஆனது. கோட்டுக்குப் பின் இரண்டே இடம் ஒதுக்கி வைத்திருந்த நெடுவரிசையில் இந்தச் ‘சி’ வெட்டுப்பட்டு, பழைய குறியீடே நிற்கும். பிழை என்று எந்த எச்சரிக்கையும் வராது.

நிலை பற்றிய குழப்பமும் உண்டு. ஸ்பெயினின் கேட்டலோனியா தன்னாட்சிப் பகுதி இஎஸ்-சிடி. அதற்குள் இருக்கும் பார்சிலோனா மாகாணம் இஎஸ்-பி. இரண்டும் ஒரே பட்டியலில் ஒரே வடிவத்தில் நிற்கின்றன. எது எதற்குள் அடங்கும் என்பது குறியீட்டிலிருந்து தெரியாது. தனி நெடுவரிசையைப் பார்த்தாக வேண்டும். பிரிட்டனின் பட்டியலில் இங்கிலாந்து என்ற நாடும் ஒரு சிறு நகர மன்றமும் அருகருகே இருக்கும். ஒரு படிவத்தில் இந்தப் பட்டியலை அப்படியே கீழிறங்கு பெட்டியாகப் போட்டுவிட்டு, பயனர்களில் ஒரு பாதி பகுதியையும் மறுபாதி மாகாணத்தையும் தேர்ந்தெடுத்த பிறகு மொத்தக் கணக்கைச் சரிபார்க்கும் வேலை எவருக்கும் வாய்க்கக் கூடாது.

இன்னொரு இரட்டைத்தன்மை: சில நிலப்பகுதிகளுக்கு நாட்டுப் பட்டியலிலும் இடம் உண்டு, உட்பிரிவுப் பட்டியலிலும் இடம் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ பிஆர் என்றும் யுஎஸ்-பிஆர் என்றும் இருக்கலாம். ஹாங்காங் எச்கே என்றும் சிஎன்-எச்கே என்றும் இருக்கலாம். ஓலாந்து தீவுகள் ஏஎக்ஸ் என்றும் எஃப்ஐ-01 என்றும் இருக்கலாம். எதைப் பயன்படுத்துவது என்று முதல் நாளிலேயே ஒரு விதி எழுதிக்கொள்ளாவிட்டால், ஒரே ஊரின் பதிவுகள் இரண்டு இடத்தில் சிதறும். நாட்டுக் குறியீடு இருந்தால் அதையே பயன்படுத்துவது, உட்பிரிவுக் குறியீட்டை ஏற்பதில்லை என்பது என் விதி. தலைகீழாக வைத்துக்கொண்டாலும் குற்றமில்லை, இரண்டையும் அனுமதிப்பதுதான் குற்றம். சர்ச்சைக்குரிய நிலங்களில் இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அல்ல. கிரைமியா இந்தப் பட்டியலில் யுஏ-43. தைவானுக்கு டிடபிள்யூ என்ற நாட்டுக் குறியீடும் சிஎன்-டிடபிள்யூ என்ற உட்பிரிவுக் குறியீடும் இருக்கின்றன. ஐஎஸ்ஓ இந்த விஷயங்களில் ஐக்கிய நாடுகள் அவையின் வழக்கைப் பின்பற்றுகிறது. பட்டியலைத் தேர்ந்தெடுப்பவர் அந்த நிலைப்பாட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

குறியீடுகளைப் பயன்படுத்துவதற்குக் கட்டணம் இல்லை. ஐஎஸ்ஓவின் இணையத் தளத்தில் ஒவ்வொரு நாடாகப் பார்க்கவும் முடியும். முழுப் பட்டியலையும் கணினி நேரடியாகப் படிக்கும் கோப்பாகப் பெறுவதற்குத்தான் பணம் கேட்கிறார்கள். இதனால் பெரும்பாலான நிரல்கள் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் சமூகம் பராமரிக்கும் ஐஎஸ்ஓ-கோட்ஸ் தொகுப்பையே நம்பியிருக்கின்றன. பைத்தான் மொழியின் பைகன்ட்ரி நூலகத்தின் தரவும் அங்கிருந்துதான் வருகிறது. அது நல்ல தொகுப்பு. ஆனால் மூலப் பட்டியலுக்கும் அதற்கும், அதற்கும் உங்கள் கணினியில் நிறுவப்பட்ட பதிப்புக்கும் இடையே கால இடைவெளி இருக்கும்.

ஃபிப்ஸும் ஜியோநேம்ஸும்

ஃபிப்ஸ் 10-4 இன்று புதிதாக யாரும் தேர்ந்தெடுக்க வேண்டிய முறை அல்ல. 2008 செப்டம்பரில் அமெரிக்கத் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் அதை விலக்கிக்கொண்டது. பிறகு அந்நாட்டு அரசு ஐஎஸ்ஓவை ஒட்டிய ஜென்க் என்ற தனிப் பட்டியலுக்கு மாறியது. இதை இங்கே குறிப்பிடக் காரணம், இது செத்தும் சாகாமல் பழைய கோப்புகளில் உலவுவதுதான். ஃபிப்ஸில் ஏயு என்பது ஆஸ்திரியா, ஐஎஸ்ஓவில் ஆஸ்திரேலியா. ஃபிப்ஸில் சிஎச் என்பது சீனா, ஐஎஸ்ஓவில் சுவிட்சர்லாந்து. ஃபிப்ஸில் ஜிஎம் என்பது ஜெர்மனி, ஐஎஸ்ஓவில் காம்பியா. எந்தப் பட்டியல் என்று குறிக்கப்படாத பழைய கோப்பு கைக்கு வந்தால் முதலில் இந்த மூன்றையும் தேடிப் பார்ப்பது என் வழக்கம். ஜிஎம் என்ற நாட்டின் கீழ் பவேரியா இருந்தால் விடை கிடைத்துவிட்டது.

உயிருள்ள இடம் ஒன்றிலும் இது இருக்கிறது. ஜியோநேம்ஸ் தன் பெரிய இடப்பெயர்த் தொகுப்பில் முதல்நிலை உட்பிரிவுக்குத் தரும் குறியீடு பெரும்பாலான நாடுகளுக்கு ஃபிப்ஸிலிருந்தே வந்தது; அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, பெல்ஜியம், மாண்டனீக்ரோ ஆகிய நாடுகளுக்கு மட்டும் ஐஎஸ்ஓ. நாட்டுக் குறியீடோ எல்லா இடத்திலும் ஐஎஸ்ஓதான். ஆகவே அந்தக் கோப்பில் நாட்டுக் குறியீட்டையும் உட்பிரிவுக் குறியீட்டையும் ஒட்டவைத்தால், பார்ப்பதற்கு ஐஎஸ்ஓ 3166-2 போலவே இருக்கும் ஒன்று கிடைக்கும். அது ஐஎஸ்ஓ 3166-2 அல்ல. அமெரிக்கத் தரவில் சோதித்துப் பார்த்துவிட்டு எல்லாம் பொருந்துகிறது என்று முடிவு செய்பவர்கள் இந்தக் குழியில் விழுகிறார்கள்.

இந்தக் குறையைச் சொன்னதால் ஜியோநேம்ஸை ஒதுக்க வேண்டும் என்று பொருளல்ல. அதன் உண்மையான மதிப்பு அந்த எண்ணில் இருக்கிறது. 2951839 என்பது பவேரியாவின் பெயர் எந்த மொழியில் எப்படி எழுதப்பட்டாலும் மாறாது. எழுத்து வேறுபாடுகளோடு வரும் பெயர்களை இனங்கண்டு பொருத்தும் வேலைக்கு இதைவிட வசதியான இலவசத் தொகுப்பு குறைவு. மூலத்தைக் குறிப்பிட்டால் போதும் என்ற உரிமத்தில் கிடைக்கிறது.

நட்ஸ்

ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் 1970களில் உருவாக்கிய இந்த வகைப்பாட்டுக்கு 2003ஆம் ஆண்டின் 1059 எண் ஒழுங்குவிதி சட்ட அடித்தளம் தந்தது. இதன் நோக்கமே வேறு. ஒப்பிடத்தக்க அளவுள்ள பகுதிகளை உருவாக்குவதுதான் இலக்கு: முதல் நிலைக்கு 30 லட்சம் முதல் 70 லட்சம் வரை மக்கள்தொகை, இரண்டாம் நிலைக்கு 8 லட்சம் முதல் 30 லட்சம், மூன்றாம் நிலைக்கு ஒன்றரை லட்சம் முதல் 8 லட்சம். நிர்வாக எல்லை இந்த அளவுக்குப் பொருந்தினால் அதையே எடுத்துக்கொள்வார்கள். பொருந்தாவிட்டால் சிலவற்றைச் சேர்த்து ஒரு புள்ளியியல் பகுதியை அமைப்பார்கள். செக் குடியரசில் 14 நிர்வாகப் பகுதிகள் இருந்தும் இரண்டாம் நிலையில் எட்டே இருப்பது இதனால்தான். அந்த எட்டில் சில, எந்த அலுவலகக் கதவிலும் பெயர்ப்பலகையாக மாட்டப்படாத பகுதிகள். முகவரிக்கு இதைப் பயன்படுத்த முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆனால் படிநிலையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் முறை வேறில்லை. டிஇ2 பவேரியா, டிஇ21 அதற்குள் இருக்கும் மேல் பவேரியா, டிஇ212 மியூனிக் நகரம். வலப்பக்கத்து இலக்கத்தை நீக்கினால் மேல்நிலைப் பகுதி கிடைத்துவிடும். தனி அட்டவணையே தேவையில்லை. மாற்றங்களும் விருப்பம்போல் வருவதில்லை. ஒரு பதிப்பு குறைந்தது மூன்று ஆண்டுகள் நீடிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 2021 பதிப்பு, 2024 பதிப்பு என்று ஆண்டைச் சொல்லியே பேசுகிறார்கள். ஐஎஸ்ஓ 3166-2 பயன்படுத்துவோரிடம் இந்தப் பழக்கம் இல்லாததுதான் அங்கே உள்ள தொல்லைகளில் பாதி. இரண்டு பொறிகளை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்: கிரேக்கத்துக்கு இங்கே ஜிஆர் அல்ல, இஎல், பிரிட்டன் உறுப்பினராக இருந்தபோது ஜிபி அல்ல, யுகே. பிரிட்டன் வெளியேறிய பின் 2021 முதல் அதே கட்டமைப்பைத் தனதாக்கிக்கொண்டு, யுகே என்ற முன்னொட்டுக்குப் பதிலாக டிஎல் என்று எழுதுகிறது.

ஐரோப்பாவுக்கு வெளியே நட்ஸ் உதவாது. ஐரோப்பாவுக்குள் வருமானம், வேலைவாய்ப்பு, மக்கள்தொகை போன்றவற்றை நாடுகளுக்கு இடையே ஒப்பிடுவதானால் வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை.

நாடுகளின் சொந்த எண்கள்

ஒரே நாட்டின் தரவு, அதுவும் மாவட்டத்துக்குக் கீழே நகராட்சி வரை இறங்கும் தரவு என்றால், அந்த நாட்டின் புள்ளியியல் அலுவலகம் தரும் எண்ணே சிறந்தது. மூலத் தரவு அந்த எண்ணோடுதான் வரும்; எல்லை மாறிய நாளில் முதலில் திருத்தப்படுவதும் அதுதான். பிரிட்டனில் எழுத்தும் இலக்கமுமாக ஒன்பது குறிகள் கொண்ட குறியீடு, ஜெர்மனியில் எட்டு இலக்க எண், அமெரிக்காவில் மாநிலத்துக்கு இரண்டும் கவுண்டிக்கு (மாவட்டம் போன்ற பிரிவு) மூன்றுமாக ஐந்து இலக்கம்.

இவையும் மாறாதவை அல்ல. அமெரிக்கக் கவுண்டி எண்கள் அகர வரிசையை ஒட்டி அமைந்தவை என்பதால் பெயர் மாற்றமே எண்ணை மாற்றிவிடும். தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015இல் ஒக்லாலா லகோட்டா என்று பெயர் மாறியதும் 46113 என்பது 46102 ஆயிற்று. எண்ணாக இருந்தால் பெயர் மாற்றத்தைத் தாங்கும் என்று சற்று முன் சொன்னதற்கு இது விலக்கு. எண் எப்படிப் பிறந்தது என்பதைப் பொறுத்தது அது. கனெடிகட்டில் நடந்தது இதைவிடக் கடினம். அங்கே 2022இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியகம் எட்டுக் கவுண்டிகளைக் கைவிட்டு ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களை ஏற்றுக்கொண்டது. எல்லைகள் ஒன்றோடொன்று பொருந்தாததால் முன்பின் தரவை நேரடியாக இணைக்க வழியில்லை.

நாட்டு எண்ணையும் ஐஎஸ்ஓவையும் ஒன்றென எண்ணுவதே இங்கே உள்ள பெரிய ஆபத்து. கென்யாவில் 47 கவுண்டிகள். அந்நாட்டின் சொந்த வரிசையில் மொம்பாசா 001, நைரோபி 047. ஐஎஸ்ஓவோ பெயர்களை அகர வரிசையில் அடுக்கி எண் கொடுத்தது. அங்கே நைரோபி கேஇ-30, கேஇ-47 என்பது மேற்கு போகோட். இரண்டு பட்டியலிலும் 1 முதல் 47 வரை எண்கள் இருப்பதால் எந்தச் சரிபார்ப்பும் பிழையைக் காட்டாது. தலைநகரின் தரவு வறண்ட மேய்ச்சல் நிலத்தில் போய் உட்காரும். வரைபடத்தைக் கண்ணால் பார்த்தால் மட்டுமே தெரியும்.

மற்றவை, சுருக்கமாக

க்வில்லிம் லா உருவாக்கிய ஹாஸ்க் முறை, ஒவ்வொரு நிலைக்கும் இரண்டு எழுத்து, இடையே புள்ளி என்று அழகாக அமைந்தது. சில வரைபடத் தொகுப்புகளில் இன்னும் கிடைக்கிறது. தனி மனிதரின் உழைப்பாகத் தொடங்கிய ஒன்றை அதிகாரபூர்வப் பரிமாற்றத்துக்கு நம்பியிருக்க முடியாது. பேரிடர் நிவாரணப் பணிகளில் ஐநாவின் மனிதாபிமான ஒருங்கிணைப்பு அலுவலகம் பயன்படுத்தும் பி-குறியீடுகள் அந்தத் துறைக்குள் இன்றியமையாதவை, வெளியே தேவைப்படாது. யுஎன் லோகோட் பட்டியலைச் சிலர் இந்த ஒப்பீட்டில் சேர்க்கிறார்கள். அது துறைமுகம், விமான நிலையம், சரக்கு நிலையம் போன்ற இடங்களுக்கானது. ஹாம்பர்க் துறைமுகத்துக்கு டிஇ எச்ஏஎம் என்று எழுதலாம், ஒரு மாநிலத்தைக் குறிக்க அதில் வழியில்லை.

இரண்டைப் பற்றி மட்டும் கூடுதலாக ஒரு சொல். விக்கித்தரவு தன்னளவில் ஒரு தரநிலை அல்ல. ஆனால் ஒரே பக்கத்தில் ஐஎஸ்ஓ, நட்ஸ், ஃபிப்ஸ், ஹாஸ்க், ஜியோநேம்ஸ் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருப்பதால், ஒரு முறையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்க்கும் அட்டவணையை அங்கிருந்து அரைமணி நேரத்தில் எடுத்துவிடலாம். எவரும் திருத்தலாம் என்பதால் எடுத்ததைச் சரிபார்க்காமல் பயன்படுத்தக் கூடாது. மொழி, நாடு சார்ந்த பெயர்களையும் வடிவங்களையும் மென்பொருள்களுக்குத் தரும் யூனிகோட் கூட்டமைப்பின் சிஎல்டிஆர் தொகுப்பு, ஐஎஸ்ஓ 3166-2 குறியீடுகளையே சிறு எழுத்தில், கோடு இல்லாமல் எடுத்துக்கொண்டு, ஒரு முக்கியமான வாக்குறுதியைச் சேர்க்கிறது: ஒருமுறை வந்த குறியீடு நீக்கப்படாது, வேறு பொருளில் திரும்ப வராது, காலாவதியானது எது, அதற்குப் பதில் எது என்ற குறிப்போடு அப்படியே இருக்கும். நாட்டு நிலையில் சிஎஸ் என்ற குறியீட்டைச் செக்கோஸ்லோவாக்கியாவிடமிருந்து எடுத்து 2003இல் செர்பியா-மாண்டனீக்ரோவுக்கு ஐஎஸ்ஓ கொடுத்தபோது எழுந்த கசப்பை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த வாக்குறுதியின் அருமை தெரியும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகியவற்றின் கொடி எமோஜிகள் 2017 முதல் இந்தக் குறியீடுகளை உள்ளே வைத்துத்தான் இயங்குகின்றன.

எனவே எதை எடுப்பது

வெளி அமைப்புகளோடு தரவைப் பரிமாறுவதற்கு ஐஎஸ்ஓ 3166-2 தவிர வேறெதையும் பரிந்துரைக்க மாட்டேன். அதன் குறைகளை இவ்வளவு நீளமாக எழுதியதே, எல்லோரும் அதைத்தான் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதால். ஆனால் அந்தக் குறியீட்டைத் தரவுத்தளத்தின் முதன்மைச் சாவியாக்க (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பாக்க) கூடாது. உள்ளே ஒவ்வொரு பகுதிக்கும் பொருளற்ற சொந்த எண் ஒன்று வேண்டும். அதற்கு எதிரே ஐஎஸ்ஓ குறியீடும், அது எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை செல்லும் என்ற இரண்டு தேதிகளும் வேண்டும். ஐரோப்பியப் புள்ளிவிவரம் என்றால் நட்ஸும் அதன் பதிப்பாண்டும். ஒரே நாட்டின் ஆழமான தரவு என்றால் அந்நாட்டின் எண்ணும் அது எடுக்கப்பட்ட ஆண்டும். வெறும் அஞ்சல் முகவரி மட்டுமே தேவை, எந்தக் கணக்கும் எடுக்கப் போவதில்லை என்றால் பயனர் எழுதும் பெயரையே அப்படியே வைத்துக்கொள்வது இவை எல்லாவற்றையும்விட நேர்மையானது.

எதைத் தேர்ந்தாலும், நாட்டு முன்னொட்டை வெட்டி எறியக் கூடாது. இடம் மிச்சமாகும் என்று கோட்டுக்குப் பின்னால் உள்ளதை மட்டும் சேமிப்பவர்கள் இருக்கிறார்கள். டபிள்யூஏ என்றால் அமெரிக்காவின் வாஷிங்டனா, மேற்கு ஆஸ்திரேலியாவா? ஹொக்கைடோவின் 01 விரிதாளில் 1 ஆகும்; மியூனிக்கின் 09162000 முன்பூச்சியத்தை இழந்து ஏழு இலக்கமாகும். தரவை எழுதிவைக்கும் யாமல் என்ற கோப்பு வடிவத்தின் 1.1 பதிப்பைப் படிக்கும் நிரல்கள் ஓஎன் என்பதை ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்வதால், கனடாவின் ஒண்டாரியோ மாகாணம் ஒரு தர்க்க மதிப்பாகிவிடும். சிஏ-ஓஎன் என்று முழுதாக எழுதியிருந்தால் இது நேராது. நாட்டுக் குறியீட்டைத் தனி நெடுவரிசையில் வைப்பவர்களுக்கும் இதே கதை உண்டு: அதே யாமல் நார்வேயின் என்ஓவை ‘இல்லை’ என்று படிக்கும், பைத்தானின் பாண்டாஸ் நூலகம் நமீபியாவின் என்ஏவை விடுபட்ட மதிப்பு என்று எண்ணி வெற்றிடமாக்கும். நான் கையாண்ட ஓர் அட்டவணையில் நமீபியாவின் வரிகள் எல்லாம் நாடில்லாதவர்களாகத் திரிந்ததைக் கண்டுபிடிக்க ஒரு பிற்பகல் முழுவதும் ஆயிற்று.

ரொய்கென் வீட்டுக்குத் திரும்பினால், அதன் பதிவு இப்படி இருக்கும்: உள் எண் ஒன்று, மாறாதது, அதன் கீழ் மூன்று வரிகள். முதல் வரியில் என்ஓ-06, 2019 டிசம்பர் 31 வரை. இரண்டாவதில் என்ஓ-30, 2020 ஜனவரி 1 முதல் 2023 டிசம்பர் 31 வரை. மூன்றாவதில் என்ஓ-32, 2024 ஜனவரி 1 முதல், முடிவுத் தேதி காலி. நகராட்சியின் பெயரும் பதிவாகியிருந்ததால்தான் மூன்றாவது வரியை 33 என்று தவறாக எழுதாமல் தப்பினோம். நகராட்சி இல்லாமல் வெறும் என்ஓ-06 என்று மட்டும் இருக்கும் பழைய பதிவுகளுக்கு மூன்றாவது வரியை எழுத வழியே இல்லை. அவற்றைப் பெரும்பான்மை பார்த்து 33இல் தள்ளாமல், 06 என்றே, அதன் முடிவுத் தேதியோடு, அப்படியே விட்டுவைக்க வேண்டும்.